பெட்டியைத் திறக்காதீர்கள், முதலில் மட்கார்டைப் பாருங்கள்

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய வாப்பா 1968-இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 2 வீட்டில் இருக்கிறது. பல வருடம் கொட்டகையில் கிடந்ததை இப்போது இஞ்சின் பார்த்து ஓட்டத் தொடங்கியிருக்கிறார்கள். காரோடு அப்போதே பொருத்திய ரேடியோவில் விளக்கு எரிகிறது, ‘உஸ்’ என்று இரைச்சல் வருகிறது, நிலையம் ஒன்றும் வருவதில்லை. இரவில் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் ஒரு குரல். இஞ்சினை ஓட்டினால் ‘டர்ர்ர்’ என்று ஒரே கூச்சல். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கூச்சலும் கூடவே ஏறுகிறது. பார்த்தவர்களில் ஒருவர் உள்ளே ஐ.சி. சிப் போய்விட்டது என்றாராம். இன்னொருவர் கழற்றி எறிந்துவிட்டு புளூடூத் செட் மாட்டச் சொன்னாராம்.

தம்பி, அந்தக் காலத்து கார் ரேடியோவில் ஐ.சி. கிடையாது. இல்லாத ஒன்று போக முடியாது. இரண்டாமவர் சொன்னதற்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த சொல் அந்த ‘உஸ்’ தான். விளக்கு எரிந்து, ‘உஸ்’ வந்து, வால்யூமைத் திருகினால் அது கூடிக் குறைகிறது என்றால், மின்சாரம் உள்ளே போகிறது, ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது, ஒலியைப் பெருக்கும் பகுதி வேலை செய்கிறது. பாதிக்கு மேல் ரேடியோ நலமாக இருக்கிறது. மீதிப் பாதி கெட்டிருக்கலாம், கெடாமலும் இருக்கலாம். நிலையம் வராததையும் இஞ்சின் கூச்சலையும் இரண்டு நோயாக எல்லோரும் நினைக்கிறார்கள். நம் கடற்கரையில் பத்துக் காரில் ஏழெட்டில் இரண்டும் ஒரே நோய். அது இருக்கும் இடம் ரேடியோ அல்ல, ஏரியலின் அடிப்பாகம். முப்பது வருடத்துக்கு மேல் தொண்டி முதல் சாயல்குடி வரை வந்த கார்களையும் படகு செட்டுகளையும் பார்த்த கைக்கணக்கு இது, புத்தகக் கணக்கு அல்ல.

சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். இஞ்சினை ஓட்ட வேண்டாம். ரேடியோவின் பின்னால் செருகியிருக்கும் ஏரியல் பிளக்கை உருவுங்கள். ஒன்றரை மீட்டர் நீள ஒயர் ஒன்றின் நுனியை அந்தத் துளையின் நடுவில் செருகி, மறுமுனையை ஜன்னல் வழியாக வெளியே தொங்கவிடுங்கள். ஒயர் காரின் தகரத்தைத் தொடக்கூடாது. கூடவே சட்டைப்பை அளவு டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றைக் காருக்கு வெளியே நின்று மத்திய அலையில் வைத்துப் பாருங்கள். காருக்குள் வைத்துப் பார்த்துவிட்டு ‘அதிலும் வரவில்லை’ என்று எழுதாதீர்கள்; தகரக் கூட்டுக்குள் மத்திய அலை சரியாக நுழையாது, அதற்காகத்தான் காருக்கு வெளியே ஏரியல் வைக்கிறார்கள்.

இந்த ஒப்பீடு முக்கியம். திருச்சி 936, திருநெல்வேலி 1197, மதுரை 1269 கிலோஹெர்ட்ஸ் என்று டயலை மனப்பாடமாக வைத்திருந்த காலம் வேறு. கடந்த சில ஆண்டுகளில் நாடு முழுவதும் பல மத்திய அலை ஒலிபரப்பிகளை நிறுத்திவிட்டார்கள். காற்றில் இல்லாத நிலையத்துக்காக ரேடியோவைக் குற்றம் சொல்லக்கூடாது. சின்ன டிரான்சிஸ்டரில் வருவது கார் ரேடியோவில் வர வேண்டும், அவ்வளவுதான் அளவுகோல்.

ஒயர் செருகியதும் நிலையம் வந்துவிட்டால் கொண்டாடுங்கள். ரேடியோவில் பழுது இல்லை.

இனி, ஏரியல் நிற்கும் மட்கார்டுக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் தேவிப்பட்டினத்திலிருந்து ஒரு பழைய ஃபியட் வந்தது. உங்கள் கார் சொல்லும் அதே கதை. ஏரியல் கம்பி குரோம் பளபளப்போடு புதிதுபோல் நின்றது. அடியில் இருந்த நட்டைத் திருகியபோது அது திரும்பவில்லை, உதிர்ந்தது. மேலே இருந்த ரப்பர் வளையத்தை எடுத்தேன். அதன் கீழே மட்கார்டின் ஓட்டையைச் சுற்றிப் பொருக்குப் பொருக்காகத் துரு. கேபிளின் வெளிப்பின்னல் வந்து சேரும் பித்தளை வளையத்தில் துளசி இலை நிறத்தில் களிம்பு. இரண்டுக்கும் நடுவே வெள்ளையாக ஈர உப்பு, விரலில் தொட்டால் பிசுபிசுத்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை வெளிப்பின்னலிலும் வைத்தேன். முள் அசையவே கூடாத இடத்தில் 4 கிலோ ஓம் காட்டியது. காற்றிலிருந்து கம்பி பிடித்த சொற்பச் சிக்னல், ரேடியோவுக்குப் போகாமல் அந்த உப்புச் சேற்றின் வழியாகத் தகரத்துக்குள் வடிந்துகொண்டிருந்தது.

பாதிக் கதை அது. மீதிப் பாதி அந்தத் துருவில் இருந்தது. ஏரியல் கேபிள் உள்ளே ஒரு மெல்லிய கம்பியும் அதைச் சுற்றி வலைபோன்ற பின்னலும் கொண்டது. அந்தப் பின்னல் ஏரியலின் அடியில் மட்கார்டின் இரும்போடு நன்றாக ஒட்டியிருந்தால்தான் அது வேலி. துரு நடுவில் புகுந்து ஒட்டு விட்டுப்போனால் வேலியே இன்னொரு ஏரியலாகிவிடுகிறது. அதுவும் இஞ்சினுக்குப் பக்கத்திலேயே நீண்டு கிடக்கும் ஏரியல். ஸ்பார்க் பிளக்குகளில் தெறிக்கும் ஒவ்வொரு பொறியையும் பிடித்துக்கொண்டு போய் ரேடியோவுக்குள் கொட்டும். நிலையம் மங்குவதும் கூச்சல் ஏறுவதும் இப்படித்தான் ஒரே இடத்தில் பிறக்கின்றன.

செய்ய வேண்டியது எளிது, பொறுமைதான் வேண்டும். ஏரியலை முழுக்கக் கழற்றுங்கள். மட்கார்டின் அடிப்பக்கம், வளையம் அழுந்தும் இடத்தில் மட்டும், பெயின்டும் துருவும் போய் வெள்ளை இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் போடுங்கள். உப்பை எடுக்க உப்புத்தாள் என்று என் குருநாதர் சிரித்துக்கொண்டே சொல்வார். பித்தளையையும் அப்படியே. பிளாஸ்டிக் அல்லது எபனைட் (கெட்டி ரப்பர்) வளையங்களை பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கழுவி நிழலில் காயவையுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்து உவர்நீரில் கழுவினால் போன உப்பை வேறு பாத்திரத்தில் திரும்பக் கொண்டுவருகிறோம். மாட்டி இறுக்கியபின் வெளிப்புறம் முழுவதும் வாஸ்லின் பூசிவிடுங்கள். முதலில் இரும்பும் பித்தளையும் ஒன்றையொன்று கடிக்க வேண்டும், பிறகுதான் வாஸ்லின். முறை மாறினால் நடுவில் புகும் கொழுப்பு பழைய துருவின் வேலையைச் செய்யும்.

பிறகு மீட்டர். கம்பியிலிருந்து பிளக்கின் நடு முனைக்கு ஓரிரு ஓம் மட்டும். நடு முனையிலிருந்து வெளிப்பின்னலுக்கு எதுவும் காட்டக்கூடாது, மெகா ஓம் அளவிலும்கூட. வெளிப்பின்னலிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்கு அரை ஓமுக்குள். கேபிளே உளுத்திருந்தால் கார் ஏரியல் கேபிளையே கேட்டு வாங்குங்கள். டி.வி. கேபிள் ஒரு துண்டு சும்மா கிடக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். அதில் மீட்டருக்கு ஏறக்குறைய 65 பிகோ ஃபாரட் கொள்திறன் இருக்கும், கார் ஏரியல் கேபிளில் அதில் பாதி. குட்டைக் கம்பி பிடிக்கும் சிக்னலில் பெரும்பங்கை டி.வி. கேபிள் தானே விழுங்கிவிடும். வேலை செய்ததுபோலவே தோன்றும், ஆனால் எப்போதும் மந்தமாக இருக்கும், காரணமும் பிடிபடாது.

ஏரியல் சரியானபின்னும் கூச்சல் கொஞ்சம் மிச்சமிருக்கும், ஏனென்றால் ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட, பொறி இரைச்சலை அடக்கும் கண்டென்சர்கள் எப்போதோ செத்திருக்கும். எது எங்கிருந்து வருகிறது என்று காதால் பிரிக்கலாம். இஞ்சினை ஓட்டிக்கொண்டே ஏரியல் பிளக்கை உருவுங்கள். கூச்சல் நின்றால் அது ஏரியல் வழி வருகிறது. நிற்காவிட்டால் மின்சார ஒயர் வழி வருகிறது. அடுத்து, வண்டி நின்ற நிலையில் இஞ்சினை வேகப்படுத்திச் சட்டென்று சாவியை அணையுங்கள். ரேடியோவின் ஒயர் சாவி வழியாகப் போனால் இந்த ஒரு சோதனைக்கு மட்டும் அதை ஃபியூஸோடு பேட்டரிக்கு நேராகக் கொடுங்கள். அணைத்த நொடியே கூச்சல் செத்தால் இக்னிஷன், அதாவது பொறி தரும் பகுதி. இஞ்சின் சுழன்று அடங்கும்வரை ‘ங்ங்ஈஈ’ என்று இறங்கி இறங்கித் தேய்ந்தால் டைனமோ. இன்னொரு கணக்கும் உண்டு. நான்கு சிலிண்டர் இஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போதே நொடிக்கு 26, 27 பொறி தெறிக்கிறது. அதனால்தான் உங்களுக்கு ‘டர்ர்’ என்று கேட்கிறது. நொடிக்கு ஒன்றோ இரண்டோ ‘டக்... டக்’ என்று வந்தால் அது பிளக் அல்ல, எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள்.

இக்னிஷனுக்கு 1 எம்.எஃப்.டி. (மைக்ரோ ஃபாரட்) கண்டென்சர் ஒன்றை இக்னிஷன் காயிலில் சாவியிலிருந்து ஒயர் வரும் முனைக்கும் பாடிக்கும் நடுவே போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் போட்டால் பொறியே பலமிழந்து வண்டி இழுக்காது. டைனமோவுக்கும் அதே அளவு. பெரிய முனையில் மட்டும். ‘எஃப்’ என்று எழுதிய சின்ன முனையைத் தொடாதீர்கள், கட்டுப்பாட்டுப் பெட்டியின் முனைகள் கருகிவிடும். 5 முதல் 10 கிலோ ஓம் தடை உள்ள பிளக் மூடிகள் கிடைத்தால் மாட்டுங்கள். யாரும் கவனிக்காத ஒன்று பானட். கீல்கள் துருப்பிடித்து பானட் எர்த் இல்லாமல் மிதந்தால், இஞ்சின் மேல் விரித்த ஏரியலாக அதுவே இருக்கும். பின்னல் பட்டை ஒன்றை பானட்டுக்கும் பாடிக்கும் நடுவே முடுக்கிவிட்டால் பாதிக் கூச்சல் போய்விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சிகரெட் லைட்டரில் போன் சார்ஜர் செருகியிருந்தால் உருவிவிடுங்கள். அது தனி வண்டு.

வண்டி நின்று, இஞ்சினும் அணைந்து, மழையில்லாத மாதத்து விடியற்காலையில் மட்டும் சாலையோரம் ‘கரகர’ என்று வந்தால் காரை விட்டுவிட்டு மேலே பாருங்கள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் மின்கம்ப பீங்கான்களின் மேல் உப்பு படிகிறது, பனி அதை நனைக்கிறது, மின்சாரம் அதன் மேல் ஊர்ந்து பொறிக்கிறது. ஒரு நல்ல மழை பெய்து பீங்கானைக் கழுவிவிட்டால் நின்றுவிடும்.

இனி, ஒயர் சோதனையிலும் நிலையம் வராத கதை. அப்போதுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். திறக்கும் முன் ஒன்று: உங்கள் காரில் பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகளில் பலவற்றுக்கு பிளஸ் எர்த். பிறகு யாராவது ஆல்டர்னேட்டர் போட்டு மைனஸ் எர்த்தாக மாற்றியிருக்கலாம். ரேடியோ எதற்கானது என்பதை அதன் முதுகில் உள்ள லேபிளோ திருப்பும் சுவிட்சோ சொல்லும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் இதைப் பார்க்காமல் ஒரு பிளஸ் எர்த் செட்டை மைனஸ் எர்த் வண்டியில் வைத்து இரண்டே நொடியில் அவுட்புட் டிரான்சிஸ்டரைக் கொன்றேன். அந்த வாசனை இன்றும் மூக்கில் இருக்கிறது. இப்போது எந்தப் பழைய செட்டுக்கும் முதல் மின்சாரத்தை 12 வோல்ட் 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்றின் வழியாகத்தான் கொடுக்கிறேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், செட் பிழைக்கும். மங்கலாக எரிந்தால் தொடரலாம். ஆன் செய்ததும் பெட்டிக்குள் ‘ர்ர்ர்’ என்று வண்டு ரீங்காரம் கேட்டால் அது வால்வு செட், உள்ளே வோல்ட்டை உயர்த்த உதவும் வைப்ரேட்டர் துடிக்கிறது. 12 வோல்ட் பேட்டரிதானே என்று கை வைக்காதீர்கள், உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்.

உங்களுடையது டிரான்சிஸ்டர் செட்டாகத்தான் இருக்கும். ‘உஸ்’ வந்து நிலையம் வராத அந்தக் காலத்து செட்டில் நான் முதலில் தேடுவது ஏ.எஃப். 115, 116, 117 என்ற எண்ணுள்ள டிரான்சிஸ்டர்களை. பட்டாணி அளவு உலோக மூடி, நான்கு கால்கள். மூன்று கால்கள் வேலைக்கு, நான்காவது மூடியை எர்த் செய்ய. இதன் வியாதி விசித்திரமானது. மூடியின் உட்புறத்து வெள்ளீயப் பூச்சிலிருந்து வருடக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளீய மீசைகள் வளர்ந்து உள்ளே இருக்கும் கால்களைத் தொட்டுவிடும். அலமாரியில் சும்மா இருந்தாலும் வளரும். ஸ்குரூ டிரைவர் பிடியால் மூடியை மெல்லத் தட்டுங்கள். ஒரு நொடி நிலையம் உயிர்பெற்று வந்து மறுபடி செத்தால் ஆள் அகப்பட்டான். நான்காவது காலின் ஈயப் பற்றைக் கழற்றி, அதிலிருந்து மற்ற மூன்று கால்களுக்கும் மீட்டர் வையுங்கள். ஒன்றில் மட்டும் தொடர்பு காட்டினால் அந்த நான்காவது காலை வெட்டிவிட்டாலே போதும், பல செட்டுகள் பாடத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று கால்கள் ஒட்டியிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள். ஒலி கரகரத்தால், மோட்டார் படகுபோல் ‘புட்புட்’ என்றால், அவை வற்றிவிட்டன. சென்னை ரிச்சி தெருவிலும் மதுரையிலும் எளிதாகக் கிடைக்கும். 16 வோல்ட் இருந்த இடத்தில் 25 வோல்ட் போடுங்கள். பிளஸ் எர்த் செட்டில் கண்டென்சரின் பிளஸ் காலே பாடிக்குப் போகும். பழக்க தோஷத்தில் மைனஸை எர்த்தில் வைத்துப் பற்றவைத்தால் வெடிக்கும். பழையது எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வால்யூமைத் திருகும்போது ‘கர்ர்’ என்றால் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு. மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். ஒரு மாதம் நன்றாக இருக்கும், பிறகு தூசியைச் சேர்த்து உள்ளே களிமண் ஆகிவிடும். குலுக்கலில் விட்டுப்போன பற்றுகளை, முக்கியமாக ஸ்பீக்கர் ஒயர், அவுட்புட் டிரான்சிஸ்டர், ஏரியல் துளை ஆகிய மூன்றிலும் மறுபடி ஈயம் வைத்துச் சூடுகாட்டுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு செட்டை ஓட்டிப் பார்க்காதீர்கள். காயில்களின் மேல் உள்ள கறுப்புத் திருகுகளைத் தொடவே தொடாதீர்கள். அவை தாமாக மாறுவதில்லை. யாரோ திருகித்தான் மாறுகின்றன, திருகியவர் அதைச் சொல்வதுமில்லை.

ஒரே ஒரு திருகு மட்டும் உங்களுடையது. ஏரியல் துளைக்குப் பக்கத்திலோ டியூனிங் குமிழுக்குப் பின்னாலோ சின்ன ஓட்டைக்குள் இருக்கும் ஏரியல் டிரிம்மர். ஏரியலையோ கேபிளையோ மாற்றியபின் இதைச் சரிசெய்யாவிட்டால் செய்த வேலை பாதிதான் பலிக்கும். கம்பியை முழு நீளத்துக்கு இழுத்துவிட்டு, டயலின் வலது கோடியில், 1400 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில், பலவீனமாக வரும் ஒரு நிலையத்தைப் பிடியுங்கள். பலமான நிலையம் உதவாது, செட் தானே சமாளித்துக்கொண்டு வித்தியாசத்தை மறைத்துவிடும். பிளாஸ்டிக் திருப்பியால் கால் சுற்று இப்படி, கால் சுற்று அப்படி. ஒலி உச்சத்தில் நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். நிலையம் இல்லையென்றால் ‘உஸ்’ அதிகமாகும் இடம்.

இதைச் செய்யச் சிறந்த நேரம் பொழுது சாய்ந்தபின். பகலில் மத்திய அலையை மேலே உறிஞ்சிக்கொள்ளும் காற்றடுக்கு இருட்டியதும் கலைந்துவிடுவதால் தூரத்து நிலையங்கள் வந்து இறங்கும். உங்களுக்கு இரவில் மட்டும் குரல் கேட்டதற்கும் அதுதான் காரணம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் தரைமேல் போகும் அலை கடல்மேல் இன்னும் நெடுந்தூரம் போகும். அதனால்தான் ஒரு காலத்தில் இந்தக் கரையில் பட்டப்பகலிலும் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம்போல் ஒலித்தது. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஏரியலைத் தின்ற அதே உப்பு, பாட்டையும் கொண்டுவந்தது.

புளூடூத் விஷயம். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், பழைய பெட்டிக்குப் பதிலாக வேண்டாம் என்கிறேன். சிறிய செட் ஒன்றைக் கிளவ் பாக்ஸுக்குள் மறைத்து, அதற்குத் தனி ஸ்பீக்கர் கொடுங்கள். கார் இன்னும் பிளஸ் எர்த்தில் இருந்தால் கவனம்: புதிய செட்டின் உலோக உடல் மைனஸ். அது பாடியில் ஒரு இடத்தில் தொட்டாலும் நேர் ஷார்ட். மரப்பலகையில் ஏற்றி, இரண்டு ஒயருக்கும் ஃபியூஸ் போடுங்கள்.

கிளவ் பாக்ஸைத் துழாவும்போது தபால் நிலைய முத்திரை ஒட்டிய சின்னப் புத்தகம் அகப்பட்டால் தூக்கி எறியாதீர்கள். எண்பதுகளின் நடுப்பகுதி வரை ரேடியோ வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும், காரில் உள்ளதற்கும் சேர்த்து. வாப்பா ஆண்டுதோறும் கட்டணம் கட்டிய கணக்கு அதில் இருக்கும்.

முதலில் அந்த ஒயர் சோதனையைச் செய்துவிட்டு எழுதுங்கள். ஏரியலின் மூன்று அளவுகளும், பேட்டரியில் எந்த முனை எர்த் என்பதும், பெட்டியைத் திறந்தால் உள்ளே உள்ள டிரான்சிஸ்டர்களின் எண்களும் வேண்டும். ஏ.எஃப். 117 மாற்ற வேண்டிவந்தால் கடைகளில் அலைய வேண்டாம். பழைய பலகைகளிலிருந்து கழற்றிய இரண்டு என்னிடம் இருக்கின்றன, நான்காவது கால் ஏற்கெனவே வெட்டியவை.